ரோபோ நாய் முதுகில் துப்பாக்கி

ரோபோ ஆடும் வீடியோக்களுக்குக் கீழே "இனி நம்ம கதி அவ்வளவுதான்" என்று எழுதுகிறவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பயம் நியாயமானது. ஆனால் ஆடுகிற ரோபோ ஒன்றும் செய்துவிடாது. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனிதர்களோடு அரை மாரத்தான் ஓடிய ரோபோக்களில் ஒன்று கிளம்பிய இடத்திலேயே விழுந்தது. ஜெயித்த தியான்கோங் என்ற ரோபோவுக்கே வழியில் பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது.

எனக்கு உறுத்துவது வேறு. 2022 அக்டோபரில் அமெரிக்காவின் பாஸ்டன் டைனமிக்ஸ், சீனாவின் யூனிட்ரீ உட்பட ஆறு ரோபோ நிறுவனங்கள், தங்கள் ரோபோக்களில் ஆயுதம் பொருத்த மாட்டோம் என்று கூட்டாகக் கடிதம் எழுதின. நல்ல விஷயம். ஆனால் ராணுவங்கள் அதில் கையெழுத்துப் போடவில்லையே! 2024 மே மாதம் கம்போடியாவில் நடந்த கூட்டுப் பயிற்சியில், முதுகில் துப்பாக்கி சுமந்த ரோபோ நாயைச் சீன ராணுவம் காட்டியது. அதற்கு முன்பே, 2023 ஆகஸ்டில், ஆயிரக்கணக்கில் தானாக இயங்கும் ராணுவ இயந்திரங்களைக் களமிறக்கும் திட்டத்தை அமெரிக்கா அறிவித்திருந்தது. அதற்குச் சொன்ன காரணம் சீனாவின் எண்ணிக்கை பலம். இவனைக் கேட்டால் அவனைக் கைகாட்டுகிறான்.

மக்கள் சத்தம் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரம் இருக்கிறது. 2022 நவம்பர் இறுதியில், வேறு வழியே இல்லாத நிலையில் போலீஸ் ரோபோ மூலம் ஆளைக் கொல்லலாம் என்று நகரசபை 8-3 என அனுமதித்தது. தானாகச் சுடும் இயந்திரம்கூட இல்லை, ஆள் ரிமோட்டில் இயக்குவதுதான். ஆனாலும் ஊர் கொதித்தது, நகர மண்டபத்து வாசலில் போராட்டம் நடந்தது. ஒரே வாரத்தில் அதே சபை பின்வாங்கியது. கவுன்சிலர் அதே ஊரில்தானே மறுபடி ஓட்டுக் கேட்க வேண்டும்?

வல்லரசுகளிடம் அந்தப் பிடி நமக்கு இல்லை. சரி, நம் அரசிடம்? ஆள் சொல்லாமல் தானே இலக்கைத் தேர்ந்து தாக்கும் தானியங்கி ஆயுதங்கள் பற்றி 2023 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் வந்தது. அது எதையும் தடை செய்யவில்லை. நாடுகளின் கருத்தைக் கேட்டு அறிக்கை தரும்படி பொதுச்செயலாளரைக் கேட்டுக்கொண்டது, அவ்வளவுதான். 152 நாடுகள் ஆதரித்தன, அமெரிக்காவும்கூட. சீனா நடுநிலை. எதிர்த்தவை நான்கே: ரஷ்யா, பெலாரஸ், மாலி, இந்தியா. ஜெனீவாவில் ஏற்கெனவே நடக்கும் பேச்சுவார்த்தையே போதும் என்பது நம் அரசின் வாதம். அங்கே எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் எதுவும் நகரும். அதனால்தான் பத்தாண்டாகியும் ஒப்பந்தம் எதுவும் வரவில்லை.

இதைப் பற்றி எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். உங்கள் எம்.பி.யிடம் நீங்களும் கேட்டுப் பாருங்கள்.