பாவ்மைஸ்டரும் ஆர்க்கிடெக்டும் ஒன்றல்ல
‘பாவ்மைஸ்டர்’ என்ற ஜெர்மன் சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதற்கு ஆர்க்கிடெக்ட் என்றுதான் பொருள், ஆங்கிலத்திலும் அதே பொருள்தான் என்று அந்தக் கட்டுரை முடித்துவிடுவது சரியில்லை. ஆஸ்திரியாவில் அது இன்றும் உரிமம் பெற்றுச் செய்யும் தனித் தொழில். வரைபடம் போடுவது, கணக்கிடுவது, வேலையை நடத்துவது, கட்டி முடிப்பது நான்கையும் ஒரே ஆள் எடுத்துக்கொள்ளலாம். அங்கே சிவில் டெக்னிக்கர் (அரசு அங்கீகரித்த தொழில்நுட்ப வல்லுநர்) உரிமம் பெற்ற ஆர்க்கிடெக்ட் வரையலாம், மேற்பார்வை பார்க்கலாம். கட்டுமான வேலையை எடுத்துச் செய்யக்கூடாது. ஒப்பந்தத்தை ஆங்கிலமாக்கும்போது ‘ஆர்க்கிடெக்ட்’ என்று போட்டால், சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்பதே மாறிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் சொல்லை அப்படியே சாய்வெழுத்தில் விட்டு, பக்கத்தில் ஒரு வரி விளக்கம் தருகிறார்கள். பொதுவாக ஆங்கிலம் இந்தச் சொல்லை அதிகம் சீண்டுவதில்லை. 1892இல் வந்த நார்வே நாடகாசிரியர் இப்சனின் நாடகம் ஜெர்மனில் ‘பாவ்மைஸ்டர் சோல்னஸ்’, ஆங்கிலத்திலோ ‘தி மாஸ்டர் பில்டர்’. ஆங்கில வாசகர் பாவ்மைஸ்டரைப் பார்ப்பது பெரும்பாலும் குடும்பப் பெயராகத்தான். இன்னொன்று: பிரிக்க வேண்டியது பாவ் (கட்டுமானம்) + மைஸ்டர் (தலைவர்) என்று. வரிக்கடைசியில் ‘பாவ்ம்’ வரை வெட்டினால் ஜெர்மனில் ‘மரம்’ ஆகிவிடும்! பன்மைக்கும் ஜெர்மனில் வடிவம் மாறாது. ‘ஸ்’ ஒட்டுவது ஆங்கிலப் பழக்கம். அந்தக் கட்டுரைக்குப் பின்னூட்டத்தில் ஒருவர் ‘நம்ம மேஸ்திரி மாதிரியா?’ என்று கிண்டலாகக் கேட்டிருக்கிறார். வேர் ஒன்றுதான் ஐயா: லத்தீன் ‘மகிஸ்தர்’ ஜெர்மனில் மைஸ்டர், போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’ வழியாக நமக்கு மேஸ்திரி.