சிகிச்சைக்கு வருவோர் எண்ணிக்கையும் புதிய நோயாளர் எண்ணிக்கையும்

ஒரு புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுக்கு வருவோரின் எண்ணிக்கை இரட்டிப்பாகியிருப்பதால், திருகோணமலை மாவட்டத்தில் புற்றுநோயும் இரட்டிப்பாகிவிட்டது என்று ஒருவர் குறிப்பிட்டிருக்கிறார். அவருடைய அக்கறை நியாயமானது. ஆயினும் அந்த எண்ணிலிருந்து அந்த முடிவுக்கு வர இயலாது.

இம்மாவட்டத்தின் மூதூரைச் சேர்ந்த ஓர் அம்மா மருந்தேற்றுவதற்காக ஆறு தடவை வந்தால், சிகிச்சைப் பிரிவின் வருகைப் பதிவேட்டில் அது ஆறு வருகை. மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவேட்டிலோ, நோய் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஆண்டில், அவர் வசிக்கும் மாவட்டத்தின் கணக்கில், ஒரேயொரு தடவைதான் அவர் சேர்க்கப்படுவார். கொழும்புக்கு அருகே மகரகமையிலுள்ள தேசிய புற்றுநோய் மருத்துவமனையில் கண்டறியப்பட்டிருந்தாலும் அவர் திருகோணமலைக்குரியவரே. இதுவரை பஸ் ஏறி மகரகமைக்குப் போய்வந்தவர்கள் இங்கேயே சிகிச்சை பெறத் தொடங்கினால், நோய் சற்றும் கூடாமலே வருகைகள் பெருகும். அது உண்மையில் நல்ல செய்தி.

இதை எவரும் சரிபார்க்கலாம். இலங்கையின் தேசிய புற்றுநோய் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம் தனது இணையத்தளத்தில் வெளியிடும் புற்றுநோய்ப் பதிவேட்டு அறிக்கைகளில், தரவு திரட்டும் முறையை விளக்கும் பகுதியை முதலில் வாசியுங்கள். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகத்தின் குளோபோகான் என்னும் உலகப் புற்றுநோய் மதிப்பீடுகளின் இணையப் பக்கத்தில் இலங்கையைத் தெரிவுசெய்தால், புதிய நோயாளர்களும் கடந்த 5 ஆண்டுகளில் கண்டறியப்பட்டு உயிருடன் இருப்போரும் வெவ்வேறு எண்களாகத் தரப்பட்டிருப்பதைக் காணலாம். 2022இல் உலகெங்கும் ஏறத்தாழ 2 கோடிப் பேர் என்று அங்கே சொல்லப்படுவதும் புதிய நோயாளர்களின் மதிப்பீடே; சிகிச்சைக்கு வந்த தடவைகள் அதில் அடங்கா.