போர்க்காலக் கொள்முதலுக்கும் தணிக்கை உண்டு

"போர் நேரத்தில் வாங்கிய தளவாடங்களுக்கு அரசு யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான்" என்று உச்சிப்புளி நண்பர் ஒருவர் எழுதியிருப்பது தவறு. அவசரத்தில் ஒப்பந்தப்புள்ளி நடைமுறைகள் தளர்த்தப்படுவது உண்மைதான். ஆனால் அந்தத் தளர்வு தணிக்கைக்குக் கிடையாது. மண்டபம் ஊரில் மானிய டீசல் பிடிக்கும் விசைப்படகுக்காரர்கூட, எண்ணெய்க் கறை படிந்த தம் கையேட்டில் லிட்டர் கணக்கைப் பதிந்த பிறகுதான் கடலுக்குப் போகிறார். கோடிகளைச் செலவிடும் அமைச்சகத்துக்கு மட்டும் விலக்கு உண்டு என்று நம் கரைக்காரர் ஒருவரே நம்புவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அரசமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவின்படி, மத்திய அரசின் கணக்குகள் குறித்த தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். 1999 கார்கில் போருக்காகச் செய்த அவசரக் கொள்முதல்களை ஆராய்ந்த அறிக்கை 2001 டிசம்பரில் அப்படித்தான் வைக்கப்பட்டது. வாங்கியவற்றில் பெரும்பகுதி, ஜூலையில் சண்டை ஓய்ந்த பிறகே வந்து சேர்ந்ததாக அது பதிவு செய்தது. வீரமரணம் அடைந்தவர்களின் உடல்களைக் கொண்டுசெல்ல, ஒன்று 2,500 டாலர் விலையில் 500 அலுமினியப் பேழைகளுக்குச் செய்த ஒப்பந்தமும் அதில்தான் வெளிவந்தது. அந்தப் பேழை வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ராணுவ அதிகாரிகளை 2013இல் நீதிமன்றம் விடுவித்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.