எஃப்எக்ஸ்3-க்கு அடுத்து வரப்போகும் கேமரா: என் கணிப்பும் என் எதிர்பார்ப்பும்

சோனியின் எஃப்எக்ஸ்3 என்ற சிறிய சினிமா கேமரா 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. அதற்குள் இருக்கும், ஒளியைப் படமாக்கும் சில்லான சென்சாரோ அதற்கும் ஏழு மாதங்கள் முன்பே, 2020 ஜூலையில், ஏ7எஸ்3 கேமராவில் வந்துவிட்ட ஒன்று. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சென்சாரை நம்பித்தான் நானும் என்னைப் போன்ற பல ஒளிப்பதிவாளர்களும் வேலை செய்துகொண்டிருக்கிறோம். 2023-இல் திரையரங்குகளுக்கு வந்த ஒரு பெரிய ஹாலிவுட் அறிவியல் புனைவுப் படத்தின் பெரும்பகுதியே இந்தச் சிறிய கேமராவில் எடுக்கப்பட்டது என்னும்போது, இதன் அடுத்த வடிவம் எப்படி இருக்கும், என்ன விலைக்கு வரும் என்ற கேள்வி வெறும் ஆவலோடு நின்றுவிடுவதில்லை. அடுத்த நான்கைந்து ஆண்டுகளுக்கு நம் உழைப்பு எந்தக் கருவியைச் சார்ந்திருக்கும் என்ற கேள்வியாகவும் அது ஆகிவிடுகிறது.

இணையத்தில் உலவும் வதந்திப் பட்டியல்களை நான் இங்கே பொருட்படுத்தவில்லை. ஒளியும் வெப்பமும் இடமும் எவற்றை அனுமதிக்கும் என்பதையும், தயாரிப்பாளர் தன்னுடைய மற்ற கேமராக்களின் விற்பனையைக் கெடுத்துக்கொள்ளாமல் எவ்வளவு கொடுக்க முடியும் என்பதையும் வைத்துக் கணக்குப் போட்டாலே, வரப்போகும் கேமராவின் உருவம் ஓரளவு தெரிந்துவிடுகிறது.

முதலில் சென்சார். எஃப்எக்ஸ்3-இல் இருப்பது 12 மெகாபிக்சல் சென்சார். அதன் பெரிய பலம் வேகம். மேலிருந்து கீழ்வரை ஒரு ஃபிரேமைப் படித்து முடிக்க அது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 9 மில்லிவினாடி. அதனால்தான் கேமராவை வேகமாகத் திருப்பும்போது தூண்களும் கதவுகளும் அதிகம் சாய்வதில்லை. குறைந்த ஒளிக்கென இருக்கும் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன் அளவு) 12,800 என்பதால் இருட்டிலும் அது கைகொடுக்கிறது. குறை எங்கே என்றால், 4கே படத்துக்குப் போக மிச்சம் என்று சொல்லிக்கொள்ளப் பிக்சல்களே இல்லை. எடிட்டிங்கில் ஃபிரேமைச் சற்று நகர்த்த வேண்டும், நடுக்கத்தைக் குறைக்க வேண்டும், ஒரே காட்சியிலிருந்து நெடுக்குவாட்டப் படமும் எடுத்துத் தர வேண்டும் என்றால் உடனே படத்தின் கூர்மை இறங்கிவிடுகிறது. 16:9 அளவில் எடுத்த 4கே படத்திலிருந்து 9:16 நெடுக்குவாட்டத்தை வெட்டினால் கிடைப்பது 1215 பிக்சல் அகலம் மட்டுமே.

ஆகவே பிக்சல் எண்ணிக்கை கூடியே தீரும். எவ்வளவு கூடும் என்பதில்தான் கருத்து வேறுபாடு. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட சோனியின் எஃப்எக்ஸ்2-இல் 33 மெகாபிக்சல் சென்சார் இருக்கிறது, ஆனால் அது மெதுவானது. முழு அகலத்தையும் படிக்க அதற்கு ஏறத்தாழ 27 மில்லிவினாடி தேவைப்படுகிறது. நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைக்கும் மொத்த நேரமே 41.7 மில்லிவினாடிதான் என்பதை நினைத்துப் பார்த்தால், 27 எவ்வளவு பெரிய பங்கு என்பது விளங்கும். எஃப்எக்ஸ்3-இன் பெயரைச் சுமந்து வரும் கேமராவில் இந்த வேகத்தை யாரும் ஏற்க மாட்டார்கள். ஃபிரேம் முழுவதையும் ஒரே கணத்தில் பதிவு செய்யும் குளோபல் ஷட்டர் வரும் என்று பலர் ஆசைப்படுகிறார்கள். நான் அதை எதிர்பார்க்கவில்லை. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்ட சோனியின் ஏ9-3 குளோபல் ஷட்டரோடு வந்தபோது அதன் அடிப்படை ஐஎஸ்ஓ 250-இலிருந்து தொடங்கியது. ஒவ்வொரு பிக்சலுக்குள்ளும் ஒளித்தகவலைத் தற்காலிகமாகச் சேமிக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டியிருப்பதால், நிழற்பகுதியிலும் வெளிச்சப்பகுதியிலும் விவரங்களைத் தாங்கும் திறனில் ஒரு பங்கை இழக்க நேர்கிறது. இருட்டில் நன்றாகப் படமெடுக்கும் என்பதற்காகவே வாங்கப்பட்ட கேமராவின் வாரிசுக்கு அந்த இழப்பு பொருந்தாது.

மிஞ்சுவது பகுதியளவு அடுக்குச் சென்சார். நிக்கான் 2024-இல் இசட்6-3 கேமராவில் முதன்முதலாக இதைக் கொண்டுவந்தது. படத்தைப் படிக்கும் மின்சுற்றுகளைச் சென்சாரின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அடுக்கி வேகத்தைக் கூட்டும் முறை இது. முழுமையாக அடுக்கிய சென்சாரை விடச் செலவு குறைவு. 24 முதல் 33 மெகாபிக்சல் வரை, 15 மில்லிவினாடிக்குள் படித்து முடிக்கும் ஒரு பகுதியளவு அடுக்குச் சென்சார், அதன் முழு 3:2 பரப்பையும் பதிவு செய்யும் ஓப்பன் கேட் வசதி: இதுவே என் கணிப்பு. என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் 33-ஐ விட்டுவிட்டு 24-ஐத்தான் எடுப்பேன்.

அதற்குக் காரணம் சேமிப்பு. 24 மெகாபிக்சல் சென்சாரின் முழு அகலத்தில் 16:9 அளவுக்கு 6048 × 3402 பிக்சல்கள் கிடைக்கும். 12 பிட் ரா தகவலாக (சென்சார் தரும் பதப்படுத்தாத தகவல்) நொடிக்கு 24 ஃபிரேம் எடுத்தால், சுருக்காமல் நொடிக்குச் சுமார் 740 மெகாபைட் வரும். எட்டில் ஒரு பங்காகச் சுருக்கினாலும் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 330 ஜிகாபைட். ஒரு நாளில் ஐந்து மணி நேரப் பதிவு, அதற்கு மூன்று பிரதிகள் என்று வைத்துக்கொண்டால் அன்றைய வேலை மட்டுமே 5 டெராபைட்டை நிரப்பிவிடும். இதே கணக்கை 8கே அளவில் போட்டால் 8 டெராபைட் வருகிறது. பெரிய தயாரிப்புகளுக்கு இது ஒரு பொருட்டாக இருக்காது. இரண்டு பேரோ மூன்று பேரோ சேர்ந்து ஆவணப்படம் எடுக்கும் குழுவுக்கு, மாதக்கணக்கில் தொடரும் படப்பிடிப்பில், ஹார்ட் டிஸ்க்குகளுக்கான செலவே கேமராவின் விலையைத் தொட்டுவிடும்.

ரா பதிவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். எஃப்எக்ஸ்3 ராவை எச்டிஎம்ஐ கேபிள் வழியாக வெளியே அனுப்புமே தவிர, தன் கார்டில் பதிவு செய்யாது. சுருக்கப்பட்ட ராவைக் கேமராவுக்குள்ளேயே பதிவு செய்யும் முறைக்கு, சினிமா கேமராக்கள் செய்யும் ரெட் நிறுவனம் வைத்திருந்த காப்புரிமை பல ஆண்டுகளாக இந்தத் தொழில் முழுவதையும் கட்டிப்போட்டிருந்தது. ஆப்பிள் 2019-இல் அதை எதிர்த்துப் பார்த்தது, வெல்லவில்லை. நிக்கான் மீது ரெட் 2022-இல் வழக்குப் போட்டது; 2023-இல் அந்த வழக்கு முடிவுக்கு வந்தது; 2024-இல் நிக்கானே ரெட்டை வாங்கிவிட்டது. அதன் பலனாக 2025 செப்டம்பரில் நிக்கான் இசட்ஆர் கேமரா 2,200 டாலருக்குச் சற்றுக் குறைவான விலையில், 6கே ராவை உள்ளேயே பதிவு செய்யும் வசதியோடு அறிவிக்கப்பட்டது. அதே மாதத்தில் அறிவிக்கப்பட்ட கேனான் சி50-யும் 3,899 டாலருக்கு உள்பதிவு ராவையும் 7கே ஓப்பன் கேட்டையும் தருகிறது. சோனியிடம் வெனிஸ், புரானோ என்ற விலை உயர்ந்த சினிமா கேமராக்களுக்கான எக்ஸ்-ஓசிஎன் என்ற அருமையான பதிவு முறை இருக்கிறது. அதன் மிக எளிய வடிவத்தையாவது இந்தச் சிறிய கேமராவுக்குத் தர வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் 25,000 டாலர் புரானோவுக்கும் இதற்கும் நடுவே சோனி எழுப்பி வைத்திருக்கும் வேலிகளில் இதுவும் ஒன்று என்பதால், இந்த முறையும் வெளிப்பதிவு மட்டுமே கிடைக்க வாய்ப்பு அதிகம் என்று நினைக்கிறேன். அப்படி நடந்தால் அது தவறான முடிவு. இந்த விலையில் இருக்கும் இரண்டு போட்டியாளர்களும் கொடுத்துவிட்ட ஒன்றை மறுப்பதற்கு இனி தொழில்நுட்பக் காரணம் எதையும் சொல்ல முடியாது.

என் மனத்துக்கு மிக நெருக்கமானது அடுத்த விஷயம்: உள்ளமைந்த என்டி ஃபில்டர், அதாவது நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கண்ணாடி.

உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 800-இல் ஷட்டர் 1/800 நொடி, லென்ஸ் துளை எஃப்/16 என்பது பழைய புகைப்படக்காரர்களின் கணக்கு. நமக்கோ அசைவு இயல்பாகத் தெரிய ஷட்டர் 1/48 வேண்டும். அதிலேயே நான்கு ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் ஒளியை இரட்டிப்பாக்கும்) கூடுதல் ஒளி உள்ளே வந்துவிடும். பின்னணி மென்மையாக இருக்கத் துளையை எஃப்/2.8-க்குத் திறந்தால் இன்னும் ஐந்து ஸ்டாப். ஆக மொத்தம் ஒன்பது ஸ்டாப், அதாவது 512-இல் ஒரு பங்கு ஒளியை மட்டும் உள்ளே விடும் அளவுக்கு என்டி தேவை. இதை லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் மாறு-என்டி ஃபில்டரால் சமாளிக்கப் பார்த்தால், இரண்டு போலரைசர்களைச் சேர்த்துச் செய்த அந்தக் கண்ணாடி அடர்த்தி கூடக்கூட ஃபிரேமின் குறுக்கே கருமையான எக்ஸ் வடிவத்தைக் கொண்டுவந்துவிடும். முகத்தில் உள்ள மினுமினுப்பும் நீரில் தெரியும் பிரதிபலிப்பும் திருகும்தோறும் மாறிப்போகும்.

ஒரு ஆவணப்படப் பதிவில், ஒரு முதிய பெண்மணி இருண்ட நடைவழியிலிருந்து பேசிக்கொண்டே வெளியே வெயிலுக்கு நடந்து வந்தார். அவர் பல ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஃபில்டரைத் திருகிய அந்த மூன்று நொடியில் கேமரா ஆடியது, ஃபோகஸ் நழுவியது, அவர் முகத்தின் நிறம் மாறியது. அவரிடம் இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கேட்டிருந்தாலும் அது அதே பேச்சாக இருந்திருக்காது. சோனியின் இதைவிடப் பெரிய கேமராவான எஃப்எக்ஸ்6-இல் இருக்கும் மின்னணு மாறு-என்டி அன்று என் கையில் இருந்திருந்தால், துளையையும் ஷட்டரையும் தொடாமல், கட்டைவிரலால் ஒரு சக்கரத்தை மெல்ல உருட்டி அந்தக் காட்சியைக் காப்பாற்றியிருப்பேன். எஃப்எக்ஸ்6 இரண்டு ஸ்டாப் முதல் ஏழு ஸ்டாப் வரை, படிகள் தெரியாமல் ஒளியைக் குறைக்கும்.

ஏன் எஃப்எக்ஸ்3-இல் அது இல்லை? சோனி லென்ஸ்களுக்கான இ-மவுண்டில் லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடையே உள்ள தூரம் 18 மில்லிமீட்டர் மட்டுமே. ஒப்பிட்டால் சினிமா லென்ஸ்களுக்கான பிஎல் மவுண்டில் 52 மில்லிமீட்டர். அந்த 18 மில்லிமீட்டருக்குள் என்டி கண்ணாடியை வைப்பதோடு, தேவைப்படாதபோது அது விலகி நிற்கவும் பக்கத்தில் இடம் விட வேண்டும். எஃப்எக்ஸ்3-இல் நடுக்கத்தைக் குறைக்கச் சென்சாரே நகர்கிறது. அந்த அமைப்பும் சுற்றிலும் இடம் கேட்கிறது. எஃப்எக்ஸ்6-இல் என்டி உண்டு, சென்சார் நகராது. ஆனால் 2023-இல் அறிவிக்கப்பட்ட புரானோ இரண்டையும் ஒரே உடலில் சேர்த்துக் காட்டிவிட்டது. அது 2.4 கிலோ எடையுள்ள கேமரா என்பது உண்மைதான். 700 கிராம் உடலில் அதையே செய்வது கடினம். எனினும் 20 மில்லிமீட்டர் ஆர்எஃப் மவுண்டுக்குள் கேனான் 2020-இலேயே சி70-இல் என்டி ஃபில்டரைப் பொருத்தியது. உடலைச் சற்றுத் தடிமனாக்கி, சென்சார் நகர்வை விட்டுக்கொடுத்தாவது என்டி தாருங்கள் என்றுதான் நான் கேட்பேன். கிம்பல் எனும் நடுக்கம் தணிக்கும் தாங்கியில் வைத்து வேலை செய்யும் நண்பர்கள் இதற்கு உடன்பட மாட்டார்கள். நடக்கப்போவதும் அவர்கள் விரும்பியபடிதான்: சென்சார் நகர்வு தொடரும், என்டி வராது. பத்தில் ஏழு பங்கு வாய்ப்பு அதற்கே என்று மதிப்பிடுகிறேன்.

இனி விலை. அறிமுகமானபோது சோனியின் ஏணி இப்படி இருந்தது: எஃப்எக்ஸ்30 1,799 டாலர், எஃப்எக்ஸ்2 ஏறத்தாழ 2,700, எஃப்எக்ஸ்3 3,899, எஃப்எக்ஸ்6 5,998. புதிய கேமரா எஃப்எக்ஸ்2-க்கும் எஃப்எக்ஸ்6-க்கும் நடுவே நின்றாக வேண்டும். 3,899 டாலரில் சி50 இருப்பதால், 5,000-ஐத் தொடும் விலைக்கு வலுவான காரணம் காட்ட வேண்டியிருக்கும்; இசட்ஆரோ கீழிருந்து அழுத்துகிறது. மறுபுறம், அடுக்குச் சென்சார் செலவைக் கூட்டும். 2025-இல் அமெரிக்க இறக்குமதி வரிகளால் அங்கே பல கேமராக்களின் விலை உயர்ந்ததையும் பார்த்தோம். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்டி இல்லாத கேமரா 4,200 முதல் 4,500 டாலருக்குள் வரும் என்பது என் மதிப்பீடு. என்டியோடு வந்தால் 5,000. அதை நான் மகிழ்ச்சியோடு கொடுப்பேன்.

வருவதற்கு முன்பே விலையை நம்பித் திட்டமிடுவதில் ஆபத்து உண்டு என்பதைப் பழைய கதைகள் காட்டுகின்றன. 2006-இல் 17,500 டாலருக்கு அறிவிக்கப்பட்ட ரெட் ஒன் அடுத்த ஆண்டே அந்த விலையில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. ஆனால் 2008-இல் 3,000 டாலருக்கு 3கே என்று அதே நிறுவனம் அறிவித்த ஸ்கார்லெட், 2011 நவம்பரில் ஸ்கார்லெட்-எக்ஸ் என்ற பெயரில் வந்தபோது விலை 10,000 டாலரை நெருங்கியிருந்தது. பிளாக்மேஜிக் 2020-இல் 9,995 டாலருக்கு வெளியிட்ட 12கே கேமராவை மறு ஆண்டே 5,995-க்குக் குறைத்தது. முதலில் வாங்கியவர்களின் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். சோனியைப் பொறுத்தவரை எஃப்எக்ஸ்3-இன் விலை இத்தனை ஆண்டுகளில் பெரிதாக இறங்கவில்லை. அதனால் வாரிசின் விலை சில மாதங்களில் சரியும் என்று காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முன்பதிவு செய்வதிலும் இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடினால் அது சூடேறி நிற்கிறதா என்பதை யாராவது சோதித்துச் சொன்ன பிறகே பணம் கட்டுவேன்.

ஆகவே நான் எடுத்திருக்கும் முடிவு இது. அறிவிப்பு வரும் நாளில் பிக்சல் எண்ணிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே, விவரப் பட்டியலில் என்டி என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றனவா என்று தேடுவேன். இருந்தால் காத்திருந்து வாங்குவேன். இல்லாமல், விலையும் 4,500-ஐத் தாண்டினால், நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய எஃப்எக்ஸ்6-ஐ வாங்கிக்கொண்டு இப்போதிருக்கும் எஃப்எக்ஸ்3-ஐ இரண்டாவது கேமராவாக வைத்துக்கொள்வேன். இரண்டிலும் ஒரே தலைமுறைச் சென்சார் என்பதால் நிறம் பொருத்துவதிலும் சிரமம் இருக்காது. எஃப்எக்ஸ்6-ஐ நெடுநாள் கையில் தாங்கி வேலை செய்த நண்பர்கள், சென்சார் நகர்வு இல்லாமல் எப்படிச் சமாளித்தீர்கள் என்பதைக் கீழே எழுதினால் எனக்குப் பெரிய உதவியாக இருக்கும்.