மறுநாள் வாங்கினால்தான் என்ன?

ஒரு நாள் எதுவும் வாங்காமல் இருந்து என்ன பயன், மறுநாள் சேர்த்து வாங்கத்தானே போகிறோம் என்று ‘எதுவும் வாங்காத நாள்’ (Buy Nothing Day) பற்றிய உங்கள் கட்டுரையில் கேட்டிருக்கிறீர்கள். கடையின் கல்லாவை மட்டும் பார்த்தால் சரிதான். ஆனால் 1992-இல் கனடாவில் டெட் டேவ் என்ற ஓவியர் தொடங்கிய இந்த நாள், கல்லாவைவிட நம் பழக்கத்தைத்தான் கேள்வி கேட்கிறது. வட அமெரிக்காவில் தள்ளுபடிக்காக ஜனம் முண்டியடிக்கும் கருப்பு வெள்ளியன்றே அதைக் கடைப்பிடிப்பதும் அதனால்தான்.

போன வருடம் நானும் அன்று எதுவும் வாங்காமல் இருந்து பார்த்தேன். (மருந்து மாதிரி அவசரத்துக்கு விலக்கு உண்டு.) பொழுது சாய்வதற்குள் ஏழெட்டு முறை கை தானாகச் செல்பேசியில் கடைச் செயலியைத் திறந்தது. ஒருமுறைகூடத் தேவைக்காக இல்லை! அதைக் கவனித்தபோது உண்மையிலேயே பயந்துபோனேன். அன்று வேண்டும் என்று துடித்த பொருள்களில் பாதி, மறுநாள் நினைவுக்கே வரவில்லை. இந்த வருடம் வீட்டில் எல்லோரும் சேர்ந்தே வாங்காமல் இருக்கப்போகிறோம்.