ஊசி வந்துவிட்டது, வலையை மடித்து வைத்துவிடலாமா?

கல்யாணத்துக்கு முன்னால் கரூரில் கொசுவலை செய்யும் ஒரு கம்பெனியில் நாலு வருஷம் செக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். வலையை ஒரு பெரிய சட்டத்தில் விரித்துப் போடுவார்கள். பின்னாலிருந்து டியூப்லைட் வெளிச்சம் அடிக்கும். ஒரு கண்ணி அறுந்திருந்தாலும், தையல் ஓரம் ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிரிந்திருந்தாலும் அங்கே சிவப்பு நூல் கட்டி ஒதுக்கி வைக்க வேண்டும். நாங்கள் பார்த்தது பாலித்தீன் நூல் வலை. நூலுக்குள்ளேயே கொசு மருந்து கலந்திருக்கும். துவைத்தால் மேலே இருப்பது போகும், உள்ளே இருப்பது மெல்ல மெல்ல மேலே வரும். சாயங்காலம் எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோறு பிசையும்போது விரல் நுனியில் ஒரு குறுகுறுப்பு இருக்கும். பேல் கட்டி அனுப்பும்போது வெளியே அச்சடித்த நாட்டின் பெயரை ஒருத்தி சத்தமாகப் படிப்பாள். தான்சானியா, நைஜீரியா, காங்கோ. அந்தப் பெயர்களைத் தேடிப் படிக்க ஆரம்பித்தவள்தான், இன்றுவரை நிறுத்தவில்லை.

போன வாரம் அங்கே இன்னும் வேலை பார்க்கும் மாஸ்டர் அண்ணன் போன் பண்ணினார். "ஏன் அம்மிணி, ஆப்பிரிக்காவுல மலேரியாவுக்கு ஊசி வந்துருச்சாமா? இனி நம்ம வலை விக்குமா?" என்று கேட்டார். அவருக்குப் பிழைப்புக் கவலை, நியாயமானது. ஆனால் இதே கேள்வியைப் பெரிய பெரிய இடங்களிலும் வேறு வார்த்தைகளில் கேட்கிறார்கள். இருக்கிற காசுக்கு எது சிறந்ததோ அந்த ஒன்றை மட்டும் கொடுத்தால் போதாதா என்று. போதாது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பல வருஷமாக இதைப் படித்துக்கொண்டிருக்கிறவள், அவ்வளவுதான்.

2023-இல் மட்டும் உலகத்தில் மலேரியாவால் இறந்தவர்கள் சுமார் 5,97,000 பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில். அங்கே இறந்தவர்களில் நாலில் மூன்று பங்கு ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். இந்த வரியை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்கு ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் பிடிக்கிறது.

வலை ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. 2000 முதல் 2015 வரை ஆப்பிரிக்காவில் தடுக்கப்பட்ட மலேரியா 66 கோடி தடவை வந்திருக்க வேண்டியது என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் 68 சதவீதம் மருந்து வலையால். மலேரியா வந்தவருக்குக் கொடுக்கும் ஆர்டிமிசினின் கூட்டு மாத்திரைக்கு 22 சதவீதம், வீட்டுச் சுவரில் மருந்து தெளிப்பதற்கு 10 சதவீதம். முதல் முறை இதைப் படித்தபோது நாங்கள் கட்டிய சிவப்பு நூல்கள்தான் நினைவுக்கு வந்தன. பெருமையாக இருந்தது.

ஆனால் 2015-க்குப் பிறகு அந்த இறக்கம் அப்படியே நின்றுவிட்டது. வலை தூங்குகிறவரைத்தான் காக்கும். இரவு எட்டு மணிக்கு வாசலில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு வலை கிடையாது. புழுக்கம் தாங்காமல் வெளியில் பாய் போட்டுப் படுப்பவருக்கும் கிடையாது. பெனின் நாட்டில் எல்லா வீட்டுக்கும் வலை கொடுத்த பிறகு, ஒரு வகைக் கொசு கடிக்கும் நேரத்தையே விடியற்காலைக்குத் தள்ளிப் போட்டதைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆட்கள் வலையை விட்டு எழுந்து வரும் நேரம் அது. இது போக, மூன்று வருஷம் உழைக்க வேண்டிய வலை அடுப்புப் புகையும் கட்டில் ஆணியும் இருக்கும் வீட்டில் அதற்கு முன்பே கிழிந்துவிடுகிறது. எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல், வலையில் இருக்கும் பைரித்ராய்டு மருந்துக்குக் கொசு பழகிவிட்டது. வலையில் வந்து உட்கார்ந்து எழுந்து போகிறது, சாவதில்லை.

சரி, அப்படியானால் ஊசி? கானா, கென்யா, மலாவி மூன்று நாடுகளிலும் 2019-இல்தான் முதல் ஊசியை, ஆய்வுக்கு வெளியே, வழக்கமான தடுப்பூசிகளோடு போட்டுப் பார்த்தார்கள். இன்று இருபதுக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க நாடுகளில் போடுகிறார்கள். இரண்டாவதாக வந்த ஆர்-21 ஊசி நம் புனேயில்தான் தயாராகிறது. இது அருமையான விஷயம், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒரு தடவை போட்டுவிட்டு மறந்துவிடும் ஊசி அல்ல இது. கொசு கடித்ததும் உடம்புக்குள் வரும் ஒட்டுண்ணியை, அது கல்லீரலுக்குப் போய்ச் சேருவதற்குள் பிடிக்கப் பார்க்கிறது. சில தப்பித்துப் போகும். அதோடு காப்பு சில மாதங்களில் குறையத் தொடங்கும். அதனால்தான் நாலு தவணை.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். மாலி நாட்டில் பூகூனி, புர்கினா ஃபாசோவில் ஹூண்டே. இரண்டும் சஹாராவுக்குத் தெற்கே இருக்கும் சஹேல் பக்கம், மலேரியா பெரும்பாலும் மழையோடு வந்து மழையோடு போகும் நிலம். அந்தப் பக்கத்து நாடுகளில் 2012-இலிருந்தே ஒரு வழக்கம் உண்டு. மழை மாதங்களில் மாதம் ஒருமுறை வீடு வீடாக வந்து, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, மாத்திரை கொடுத்துவிடுவார்கள். அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். சுகாதாரப் பணியாளர் ஒரு சின்னக் கப்பில் தண்ணீர் ஊற்றி மாத்திரையைக் கரைப்பார். இதில் ஒரு மருந்து நல்ல கசப்பு. குழந்தை துப்பும், சில நேரம் வாந்தி எடுக்கும். பணியாளர் கொஞ்ச நேரம் அங்கேயே இருப்பார், வாந்தி எடுத்தால் மறுபடி கொடுக்க வேண்டும். அது முதல் நாள். இரண்டாவது நாளும் மூன்றாவது நாளும் கொடுக்க வேண்டியது அம்மா. வயலில் நடவு வேலை நெருக்கும் அதே வாரத்தில், தனியாக, அழுகிற பிள்ளைக்கு. அந்த மூன்று நாளும் ஒழுங்காகப் போனால் சுமார் நாலு வாரக் காப்பு. அப்புறம் மறுபடி.

2017-இல் தொடங்கி மூன்று வருஷம், கிட்டத்தட்ட 5,900 குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு குழுவுக்கு மாத்திரை மட்டும், ஒன்றுக்கு ஊசி மட்டும், ஒன்றுக்கு இரண்டும். ஊசியையும் கண்ட நேரத்தில் போடவில்லை, ஒவ்வொரு வருஷமும் மழைக்குச் சற்று முன்னால், காப்பு உச்சத்தில் இருக்கும்போது மழை வருகிற மாதிரி. ஊசி தனியாக மாத்திரைக்கு நிகராகவே வேலை செய்தது. ஆனால் இரண்டும் சேர்ந்தபோது, மாத்திரை மட்டும் வாங்கிய குழந்தைகளைவிடக் காய்ச்சல் சுமார் 63 சதவீதம் குறைவு. கடுமையான மலேரியாவோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தது 70 சதவீதம் குறைவு, மலேரியாவால் இறந்தது 73 சதவீதம் குறைவு. எல்லாக் குழுவுக்கும் வலையும் கொடுத்திருந்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது. ஊசியிடம் தப்பித்து ரத்தத்துக்குள் போகும் ஒட்டுண்ணியை மாத்திரை பார்த்துக்கொண்டது. மாத்திரையின் காப்பு தேய்ந்த நாட்களை ஊசி பார்த்துக்கொண்டது. நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

இன்னொரு கதை தென்னாப்பிரிக்காவுடையது. க்வாசுலு-நட்டால் மாநிலத்தின் வடக்கு ஓரம், மொசாம்பிக் எல்லை. பல்லாண்டுகளாக வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளித்து மலேரியாவை அடக்கி வைத்திருந்தார்கள். 1996-இல் அதை விட்டுவிட்டுப் பைரித்ராய்டுக்கு மாறினார்கள். சில வருஷத்திலேயே, காணாமல் போயிருந்த ஃபுனெஸ்டஸ் என்ற கொசு, மருந்தடித்த வீட்டுக்குள்ளிருந்தே உயிரோடு பிடிபட்டது. அதே நேரம் அப்போது கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரைக்கும் ஒட்டுண்ணி மசியவில்லை. சுவரும் போச்சு, மாத்திரையும் போச்சு. 2000-இல் நாடு முழுக்க 60,000-க்கும் மேல் நோயாளிகள். அப்புறம் என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். டி.டி.டி.யைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2001-இல் ஆர்டிமிசினின் கூட்டு மாத்திரைக்கு மாறினார்கள். எல்லை தாண்டி மொசாம்பிக் பக்கமும் தெளித்தார்கள், ஏனென்றால் கொசுவுக்கும் காய்ச்சலோடு வேலை தேடி வருகிறவருக்கும் எல்லைக்கோடு தெரியாது. தென்னாப்பிரிக்கா, மொசாம்பிக், சுவாசிலாந்து மூன்றும் 1999-இல் போட்ட ஒப்பந்தம் அது. மலேரியா மளமளவென்று இறங்கியது. 2011-இல் அந்தக் கூட்டுத் திட்டத்துக்கான பணம் நின்றது. மொசாம்பிக் பக்கம் மறுபடி ஏறியது.

அந்தக் கூட்டு மாத்திரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்டிமிசினின் சில மணி நேரத்தில் ஒட்டுண்ணியை அடித்து நொறுக்கிவிட்டு உடம்பை விட்டுப் போய்விடும். கூட இருக்கும் இன்னொரு மருந்து பல நாள் தங்கி மிச்சத்தை முடிக்கும். ஒரு மாத்திரைக்குள் வேண்டியிருக்கிற துணை, ஒரு நாட்டுக்கு வேண்டாமா?

அதற்காக எதையும் எதோடும் சேர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. காம்பியாவில் மருந்து வலை இருக்கும் ஊர்களில் கூடவே சுவரிலும் டி.டி.டி. தெளித்துப் பார்த்தார்கள், கூடுதல் பலன் இல்லை. தான்சானியாவின் முலேபாவில் புது வகை வலையும் நன்றாக வேலை செய்தது, புது மருந்துத் தெளிப்பும் நன்றாக வேலை செய்தது. இரண்டையும் ஒரே வீட்டில் போட்டபோது தனித்தனியாகக் கிடைத்ததற்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. வலையும் சுவரும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன, வீட்டுக்குள் வரும் கொசுவைக் கொல்வது. ஒரே ஓட்டைக்கு இரண்டு ஒட்டுப் போட்டுவிட்டு அடுத்த ஓட்டையைத் திறந்து விட்டால் காசுதான் வீண். அந்த ஊரில் எது ஒழுகுகிறது என்று பார்த்துத்தான் அடுத்ததைச் சேர்க்க வேண்டும். அதற்குக் கொசு பிடித்துச் சோதிக்கிற ஆட்கள் வேண்டும், ரத்தம் எடுத்துப் பார்க்கிற ஆட்கள் வேண்டும். காசு குறையும்போது முதலில் வெட்டுகிற சம்பளமும் அவர்களுடையதுதான் என்று நான் பயப்படுகிறேன்.

இப்போது புதிதாக ஓர் ஓட்டை. அது நம்மூர்க் கொசு. சென்னையில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளர்ந்து மலேரியா பரப்பும் அனாபிலிஸ் ஸ்டெபன்சி, 2012-இல் ஜிபூட்டியில் பிடிபட்டது. அந்த வருஷம் அந்தக் குட்டி நாட்டில் மலேரியா 27 பேருக்கு. 2020-இல் 73,000-க்கும் மேல். எத்தியோப்பியாவின் டிரே தாவா நகரத்தில் 2022-இல் வந்த பெரும் காய்ச்சலுக்கும் இதுவே காரணம். ஆப்பிரிக்காவின் பழைய கொசு குட்டையிலும் வயல் ஓரத்திலும் வளர்வது, அதனால் நகரத்துக்காரர்கள் ஓரளவு தப்பித்து வந்தார்கள். இது அப்படியில்லை, வீட்டு டிரம்மிலேயே வளரும். இதற்கு வலை மட்டும் எப்படிப் போதும்? தொட்டிக்கு மூடி, தண்ணீரில் புழுக்கொல்லி, வாரம் ஒருமுறை ஏணி போட்டு ஏறிப் பார்க்கும் ஆள், எல்லாம் வேண்டும். குழாயில் ஒழுங்காகத் தண்ணீர் வந்தால் டிரம்மில் பிடித்து வைக்கும் தேவையே குறையும், ஆகவே குடிநீர் வாரியமும் இந்தக் கணக்கில் சேர வேண்டும்.

பணம் இருக்கிறதா? 2023-இல் மலேரியாவுக்கு உலகம் முழுக்கச் செலவழித்தது சுமார் 400 கோடி டாலர். தேவை என்று கணித்தது 830 கோடி. 2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது இருந்ததும் சுருங்கியது. "ஊசியா, வலையா?" என்ற கேள்வி அறிவியலிலிருந்து வந்தது அல்ல, இந்தப் பற்றாக்குறையிலிருந்து வந்தது. பூகூனியில் ஒரு தாயிடம் போய், பிள்ளைக்கு ஊசி போட்டாச்சு, இனி வலை இல்லை என்று யார் சொல்வது?

மாஸ்டர் அண்ணனுக்கு நான் சொன்ன பதில் இதுதான். "வலை விக்குங்கண்ணா. ஆனா நம்ம பழைய வலை விக்காது." தான்சானியாவின் மிசுங்வியில் இரண்டு மருந்து போட்ட வலையைச் சோதித்தார்கள். ஒன்று பழைய பைரித்ராய்டு. இன்னொன்று குளோர்ஃபெனாபிர், கொசுவின் உடம்பில் சக்தி உண்டாவதையே நிறுத்திவிடும். பழைய வலைக்குள் தூங்கிய பிள்ளைகளைவிட இதற்குள் தூங்கிய பிள்ளைகளுக்கு இரண்டு வருஷத்தில் மலேரியா 44 சதவீதம் குறைவு. 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைத்துவிட்டது. அதைக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், அந்த ரெண்டாவது மருந்தோட பேரை மெதுவாச் சொல்லு அம்மிணி, எழுதிக்கறேன் என்றார். குளோர்-ஃபெனா-பிர் என்று மூன்று முறை சொன்னேன்.