ஓடிய வண்டியைக் கேலி செய்கிறவர்களுக்கு

அந்த நீல கிளியோ வில்லியம்ஸ், அதாவது பிரெஞ்சு நிறுவனமான ரெனோவின் பழைய வேகமான சின்னக் கார், இங்கே விற்பனைக்கு வந்ததும், அந்தப் பதிவுக்குக் கீழே நடந்த கேலியும் இந்தப் பக்கம் வருகிற எல்லாருக்கும் தெரியும். பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். நேற்று இரவு அதை விற்கிற அண்ணன் போனில் பேசிய குரலைக் கேட்ட பிறகு முடியவில்லை.

அண்ணன் என்ன எழுதியிருந்தார்? 1,80,000 கிலோமீட்டர் ஓடியது. முன் பம்பருக்கும் இடது ஃபெண்டருக்கும் (முன்சக்கரத்துக்கு மேலே உள்ள தகடு) மறுபடி பெயிண்ட் அடித்தது. கிளட்ச் மாற்றியது. எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட் எப்போது மாற்றினார், யார் மாற்றினார்கள், ரசீது. பின்சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவில் துரு தொடங்கியிருக்கிறது, அதற்குக் கிட்டத்தில் எடுத்த படம். ட்ராக்கில், அதாவது பந்தயத் தடத்தில், ஓட்டியிருக்கிறேன் என்பதையும் அவரே எழுதினார். யாரும் கேட்கவில்லை.

கிடைத்த பதில்: "சாறு பிழிந்த சக்கையை விற்கிறார்." "ட்ராக் வண்டியா, பக்கத்திலேயே போகாதீங்க." "ஒரிஜினல் பெயிண்ட் போன பிறகு அது வில்லியம்ஸே இல்லை."

அதே வாரம் இன்னொருவர் ஒரு வண்டி போட்டார். நாலு வரி, பளபளவென்று ஆறு படம், "குறைவாக ஓடியது, புதுசு மாதிரி." சர்வீஸ் புத்தகம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பெல்ட் பற்றி இல்லை. அடிபட்டதா இல்லையா என்றும் இல்லை. அவருக்கு விழுந்த இதயங்களை எண்ணிப் பாருங்கள். ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். உண்மையைச் சொல்லி விற்கிறவரை அடித்தால், அடுத்து விற்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒளிக்கச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

முதலில் இந்த வண்டி எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1993இல் ரெனோ இதைக் கொண்டுவந்தது ராலிப் போட்டிக்காக. போட்டியில் இறக்க வேண்டுமென்றால் விதிப்படி இத்தனை வண்டி செய்து பொதுமக்களுக்கு விற்றாக வேண்டும். அதனால்தான் அந்தச் சின்ன உடம்புக்குள் இரண்டு லிட்டர் பதினாறு வால்வு எஞ்சின், சுமார் 150 குதிரைத்திறன். எடை ஒரு டன் அளவுதான். முன்சக்கரங்களுக்கு இடையில் அகலம் கூட்டி, சஸ்பென்ஷனை மாற்றி, வளைவில் நம்பித் திருப்பலாம் என்கிற மாதிரி செய்தார்கள். நீல நிறம், தங்க நிற ஸ்பீட்லைன் சக்கரம், டேஷ்போர்டில் எண் பொறித்த தகடு எல்லாம் அதற்கு மேலே வந்த அலங்காரம். பெயர்கூட அலங்காரம்தான். வில்லியம்ஸ் ஃபார்முலா 1 அணிக்கு ரெனோ எஞ்சின் கொடுத்துக்கொண்டிருந்தது, அந்தப் பெயரை இதற்கு வைத்தார்கள். இந்த வண்டியை வடிவமைத்ததில் அந்த அணிக்குப் பங்கு இல்லை.

ரெனோவின் இன்னொரு வண்டி, மெகான் ஆர்26.ஆர் தெரியுமா? 2008இல் வந்தது. பின்சீட்டையே எடுத்தார்கள், பின்பக்கக் கண்ணாடிக்குப் பதில் பாலிகார்பனேட் போட்டார்கள், 123 கிலோ குறைத்தார்கள். ஒரு பொறியாளர் குழு உட்கார்ந்து கிராம் கிராமாக எடை குறைப்பது வண்டி ஷெட்டில் நிற்பதற்காக இல்லை. ஓடுவதற்காகச் செய்த வண்டி ஓடியிருக்கிறது. இதில் அண்ணன் என்ன தப்பு செய்துவிட்டார்?

1,80,000 என்றதும் பதறுகிறீர்கள். வண்டிக்கு வயது முப்பதுக்கு மேல். வகுத்துப் பாருங்கள், வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர்கூட வராது.

"குறைவாக ஓடினால் தேய்மானம் குறைவுதானே" என்று கேட்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்கவே முடியவில்லை. நிற்கிற வண்டியும் கெடும். டயர் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகி வெடிக்கும். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. படித்தாலே வயது தெரிந்துவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், அதனால்தான் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். சஸ்பென்ஷனில் இருக்கிற ரப்பர் புஷ் காய்ந்து விரியும். டேங்கில் கிடக்கிற பெட்ரோல் கெட்டுப்போகும். டைமிங் பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கு மட்டும் இல்லை, வருஷக் கணக்கும் உண்டு. அது அறுந்தால் இந்த எஞ்சினில் வால்வு பிஸ்டனில் மோதும், அதோடு எஞ்சின் முடிந்தது. அண்ணன் பெல்ட் ரசீதைப் போட்டார், அதைப் பார்த்து ஒருவர்கூட நல்லது என்று எழுதவில்லை. பம்பர் பெயிண்ட்டைப் பிடித்துக்கொண்டீர்கள்.

நான் ஏன் இவ்வளவு கொதிக்கிறேன் என்றால், எனக்கு நடந்திருக்கிறது. இதே மாதிரி ஒரு ஹாட் ஹேட்ச், அதாவது வேகத்துக்காகச் செய்த சின்னக் கார், இதைவிடப் புதுசு, அதுவும் இத்தனைதான் என்று எண்ணிக்கை வைத்து வெளியிட்டதுதான். விற்றவர் தேனாகப் பேசினார். "ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன் தம்பி, பிள்ளை மாதிரி வைத்திருந்தேன்" என்றார். ஓடோமீட்டரும் அதையே சொன்னது. பெடல் ரப்பர் மூன்றும் புதுசு. ஸ்டியரிங்குக்கு உறை போட்டிருந்தது. கேட்டேன், கை வழுக்காமல் இருக்க என்றார். சர்வீஸ் புத்தகம் வீடு மாறும்போது தொலைந்துவிட்டதாம். எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தார், ஒரு பதிலும் கூசவில்லை.

அந்த வண்டியை லிஃப்டில் ஏற்றியபோது மெக்கானிக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உறையைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஸ்டியரிங் தோல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. பெயிண்ட் தடிமன் பார்க்கிற கருவியைக் கதவில் வைத்தால் ஒரு எண், பக்கத்து ஃபெண்டரில் அதற்கு மூன்று மடங்கு, அதாவது அங்கே மறுபடி பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அடியில் வெல்டிங். நான் ஆசைப்பட்ட வண்டி அது. காசு போனதைவிட, அந்த மனிதர் என் கண்ணைப் பார்த்துச் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. அதன் பிறகு யார் வண்டியைப் பற்றி என்ன சொன்னாலும் எனக்கு முதலில் சந்தேகம்தான் வருகிறது. அண்ணனுடைய பதிவைப் பார்த்தபோதுதான் பல காலத்துக்குப் பிறகு சந்தேகம் வரவில்லை. அதைத்தான் நீங்கள் கூடி நின்று அடித்தீர்கள்.

"வாங்குகிறவன் எச்சரிக்கையாக இருக்கக் கூடாதா?" இருங்கள். எச்சரிக்கை என்றால் கேள்வி கேட்பது. அங்கே கேள்வியே இல்லை, தீர்ப்பு மட்டும்தான் இருந்தது.

"ட்ராக்கில் ஓட்டினால் வண்டி அடிவாங்கும், அதைச் சொல்வதில் என்ன தப்பு?" அடிவாங்கும்தான், மறுக்கவில்லை. விலையில் குறைத்துக் கேளுங்கள்.

"நீங்கள் அவருக்கு வேண்டியவர், அதனால் பேசுகிறீர்கள்" என்று ஒருவர் உள்பெட்டியில் எழுதினார். ஆமாம், வேண்டியவர்தான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வண்டியில் மலைப்பாதை போயிருக்கிறேன். மூன்றாவது கியரில் அந்த எஞ்சின் மூச்சு விடுகிற சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். வளைவுக்குள் நுழையும்போது பேச்சை நிறுத்திவிடுவார், வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் என்ன ஊற்றினார், என்ன இறுக்கினார் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கிற மனிதர். வேண்டியவர் என்பதால் எனக்கு அதிகம் தெரியும். தெரிந்ததைச் சொல்லக் கூடாதா?

இனி "முதலீடு" என்று பேசுகிறவர்கள். செய்த வண்டிகளின் எண்ணிக்கை குறைவு, அதனால் விலை ஏறும், அதனால் ஓட்டக் கூடாது என்கிறீர்கள். இந்த வண்டியின் கதையே உங்களுக்குப் பதில். 3,800 மட்டும்தான் என்று சொல்லித்தான் தொடங்கினார்கள். நன்றாக விற்றதும் இன்னும் செய்தார்கள், பிறகு வில்லியம்ஸ் 2, வில்லியம்ஸ் 3 என்று தொடர்ந்து கடைசியில் 12,000ஐத் தாண்டியது. எண் தகட்டை நம்பி வாங்கிய முதல் ஆட்கள் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்தான். ஆனாலும் இன்றைக்கும் இந்த வண்டியைத் தேடி வருகிறார்கள். அது திரும்புகிற விதத்துக்காக வருகிறார்கள். அந்த விதத்தை உலகத்துக்குச் சொன்னவர்கள் யார்? ஓட்டினவர்கள். எல்லாரும் துணி போட்டு மூடி வைத்திருந்தால் இதன் பெயரே உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவர்கள் ஓட்டி உண்டாக்கிய மதிப்பில் நின்றுகொண்டு அவர்களையே சக்கை என்கிறீர்கள். இது எனக்கு வலிக்கிறது. வண்டிக்காக மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் வண்டி வரைந்து திரிந்த ஆட்கள்தானே நாம் எல்லாரும்? எப்போது இப்படி விலைப் பட்டியலாக ஆனோம்?

நேற்று இரவு அண்ணன் பதிவை மாற்றிவிட்டார். பெயிண்ட் இல்லை, ட்ராக் இல்லை, துருப் படம் இல்லை. "நல்ல நிலையில் உள்ளது, நேரில் பார்க்கலாம்" என்று ஒரு வரி. காலையிலிருந்து மூன்று பேர் "அருமையான வண்டி" என்று எழுதியிருக்கிறார்கள். அதில் ஒருவர் முன்னால் சக்கை என்று எழுதியவர்.

நிஜமாக வாங்க நினைப்பவர் அண்ணனிடம் அந்த நோட்டையும் ரசீதுகளையும் கேளுங்கள், எல்லாம் பத்திரமாக இருக்கிறது, காட்டுவார். கேலி செய்தவர்களில் சிலர் "நல்ல வண்டி ஏதாவது வந்தால் சொல்லுங்கள்" என்று என்னிடம் முன்பு கேட்டு வைத்திருக்கிறீர்கள். இனி என்னிடம் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன்.